நாற்பத்தொன்று ஏ, ஜன்னல் பக்கம்

"கண்ண மூடிப் பாருங்கம்மா. முழிச்சிக்கிட்டே தலையணை வாங்குனா எப்படித் தெரியும்?" என்றார் கடைக்கார பாய். அருள்செல்வி கண்ணை மூடினாள். திறந்திருந்தபோது கழுத்தில் மாட்டியிருந்த தலையணை சாம்பல் நிறத்தில் லாடம் போல வளைந்த ஒரு சாதாரணப் பொருள். மூடியதும் கழுத்தைச் சுற்றிய வெறும் சூடாகிவிட்டது. சூடு காதுக்குக் கீழே ஏறி, தாடைக்கு வந்து, அங்கேயே நின்றது. கடையில் ரெக்ஸின் வாசனை. தொங்கும் பைகளின் பிளாஸ்டிக் உறைகள் மேஜை விசிறி திரும்பும்போதெல்லாம் சரசரத்தன. விசிறி பெட்டிகளைப் பார்க்கும், பாயைப் பார்க்கும், அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கை வரைக்கும் வரும், அங்கிருந்து திரும்பிவிடும். இன்னும் ஒரு சாண் வந்தால் கழுத்தில் காற்றுப் படும். வராது. வெளியே தெப்பக்குளம் பக்கம் ஒருவன் உள்ளாடை விலையை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தான், அலுக்காமல், அதே ஏற்ற இறக்கத்தில். மதியம் மூன்று மணிக்கு இவனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லையா? "எத்தனை மணி நேரப் பயணம்?" என்று அவள் உள்ளே நுழைந்ததும் பாய் கேட்டிருந்தார். "இருபத்துமூணு, நடுவுல நிக்கறதும் சேத்து." "யப்பா." அந்த யப்பாவில் பரிதாபம் இருந்தது. பரிதாபப்பட ஒன்றுமில்லை பாய் என்று சொல்லத் தோன்றியது. அந்த இருபத்துமூன்று மணி நேரத்தில் யாரும் தன்னைக் கூப்பிட முடியாது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிகாகோவுக்குப் போகிறாள், மேல்படிப்பு, உதவித்தொகை, எல்லாம் சரி. தெருவில் இனிப்புகூடக் கொடுத்தாயிற்று. ஆனால் மூன்று மாதமாக அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது சிகாகோவை அல்ல, பல்கலைக்கழகத்தை அல்ல. நாற்பத்தொன்று ஏ. ஜன்னல் பக்கம். ஒரு பக்கம் விமானத்தின் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் ஆளே இல்லாத ஆகாயம்.

கண்ணைத் திறந்தாள். எதிரே தூண் முழுக்க ஒட்டியிருந்த கண்ணாடியில் கழுத்தில் திண்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விபத்துக்குப் பிறகு கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு ஆறு மாதம் வாசலில் நின்ற எதிர்வீட்டு ஆடிட்டர் மாதிரி இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. அம்மா அதைப் பார்த்து விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். தூங்கச் சொல்லவில்லை. தூங்கச் சொன்னாலும் எங்கே? அண்ணனின் இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படுப்பார்கள். ஒருத்தி காலைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் போடுவாள், இன்னொருவன் அவள் துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக்கொள்ளாமல் தூங்கமாட்டான். அதற்கு முன் விடுதி, அறைக்கு நால்வர். அதற்கு முன் பெரியம்மா வீட்டுப் பெண்கள், கோடை விடுமுறை முழுக்க வரிசையாக ஒரே ஜமுக்காளத்தில். வைகாசியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியோடு ஒரே பாயில். தனியாகத் தூங்கியதாக ஒரு நாளாவது இருக்குமா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு நாள்கூட இல்லை. அப்படியானால் தனியாகத் தூங்க வருமா? இந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். அது போகவில்லை, பைகளுக்கு நடுவே நின்றுகொண்டது.

"இது எப்படி இருக்கு?" "கொஞ்சம் சூடா இருக்கு பாய்." "சூடாத்தான் இருக்கும். மெமரி ஃபோம். உங்க கழுத்த ஒரு தடவை ஞாபகம் வச்சிக்கிச்சுன்னா அப்புறம் மறக்காது. எங்க வீட்டம்மா மாதிரி." அவரே சிரித்துக்கொண்டார். அவளும் சிரித்தாள், மரியாதைக்கு. அவர் மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். காற்று ஊதும் ரகம், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். சின்னச் சின்ன மணிகள் போட்டது, அழுத்தினால் நறநறவென்று மணலில் நடப்பதுபோலச் சத்தம். முக்காடு வைத்தது. முன்னால் கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்வது. "இது ஒண்ணு இருக்கு, இதை யாரும் சீண்ட மாட்டேங்கறாங்க" என்று அடியிலிருந்து ஒன்றை உருவினார். ஒரு பக்கம் மட்டும் தடித்துக் கன்னம் வரைக்கும் எழும்பி, மறுபக்கம் வெறும் துணிப்பட்டையாக முடிந்துவிட்டது. யானைத் தும்பிக்கையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டது மாதிரி. "ஒரு கன்னத்துக்குத்தான் ஆவும். இன்னொரு கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு? வருஷத்துக்கு மேல கெடக்கு." அதை ஓரமாகத் தள்ளினார். அவளும் அதை ஒதுக்கினாள். ஒரு பக்கம் திறந்து கிடந்தால் எப்படி? அவள் தேடி வந்தது தன் கழுத்துக்கு அல்ல. இதையும் யாரிடமும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் தோளைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தலை சாய்ந்தால் முதலில் அதில் முட்டித் திரும்பிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது வேலி. கடையில் போய் வேலி இருக்கிறதா என்று கேட்க முடியுமா? அகலமாக எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். பாய் முக்காடு வைத்ததை எடுத்து நீட்டினார். "இதுதான் இருக்கறதுலயே பெருசு. போட்டா பக்கத்துல இருக்கறவன் உங்களத் தேடணும்."

போட்டுக்கொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டதும் உள்ளாடை விற்பவனின் குரல் பாதியாகியது. நன்றாக இருந்தது. தோள் இரண்டும் மறைந்துவிட்டன. தோளைப் பற்றி அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. அது தன் உடம்பில் இருந்தாலும் ஊருக்குச் சொந்தமான இடம், பேருந்து நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சு மாதிரி. கல்லூரிப் பேருந்தில் மற்றப் பெண்கள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து பக்கத்து இருக்கையைப் பிடித்து வைப்பார்கள். யார் வந்து கேட்டாலும் நிமிராமல் "ஆள் இருக்கு" என்பார்கள். ஆளே இருக்காது. இறங்குகிறவரை பை மட்டும் உட்கார்ந்து வரும். அவளுக்கு அந்த இரண்டு சொல் வாயில் வந்ததே இல்லை. "ஆளு இருக்கா?" என்று யாராவது குனிந்தால் "இல்ல, உக்காருங்க" என்று தன் பையை மடியில் வைத்துக்கொள்வாள். உட்கார்ந்தவர் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவார். அது எப்படி என்று புரியவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து வந்த அந்த மதுரை பஸ் ஞாபகம் வந்தது. போன ஆவணி, நல்ல வெயில். விழுப்புரத்தில் ஏறிய ஒரு அக்கா, தங்கச்சி வீட்டு விசேஷத்தில் மூன்று நாளாகக் கண்ணை மூடவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் தலை தோளில் வந்து விழுந்தது. கனமான தலை. வாடிய மல்லிகைப்பூ. கம்மலின் திருகு மேல்கையில் குத்திக்கொண்டே வந்தது, பெரம்பலூர் வரை ஒரே புள்ளியில். திருச்சி பால்பண்ணை வந்தது. கண்டக்டர் கத்தினார். இறங்க வேண்டியவள் அருள்செல்விதான். அக்கா, நான் எறங்கணும். மூன்றே மூன்று வார்த்தை. சமயபுரம் தாண்டியதிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அந்த அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, இமைக்குள் கண் எதையோ பார்த்து அசைந்தது. பால்பண்ணை போயிற்று. பஸ் பாலத்தில் ஏறி இறங்கிற்று. விராலிமலையில் யாரோ சாக்கு மூட்டையைத் தொப்பென்று போட்டதில் அக்கா தானாக விழித்தாள். "நீ திருச்சின்னுல்ல சொன்ன? எறங்கலையா?" "இல்லக்கா, நீங்க தூங்கினீங்க..." "நல்ல புள்ள போ! தட்டி எழுப்ப மாட்டியா, வாயில என்ன கொழுக்கட்டையா?" பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். திரும்பி வர ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் பஸ் தாமதம் என்று சொன்னாள்.

மடியில் செல்பேசி துடித்தது. பார்க்காமலே தெரியும். அப்பாவாக இருக்கும், இல்லை அந்த ஜோயல். நேற்று மாலை அப்பா ஒரு செய்தியை அனுப்பிவைத்தார். வெளிநாடு போகிறவர்களுக்குத் துணை தேடிக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, சித்தப்பாவின் நண்பர் வழியாக. 'பத்தொன்பதாம் தேதி சென்னை-சிகாகோ, அம்மாவுக்குத் துணை தேவை.' அப்படித் தினமும் பத்து வரும், அம்மாக்களும் மாமியார்களும் ஆகாயம் முழுக்கத் துணை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே விமானம். அப்பா சொன்னார், "ஒத்தாசையா இரும்மா. பாளையங்கோட்டை அம்மா, தனியா வர்றாங்களாம். நான் பாதி சரி சொல்லிட்டேன்." பாதி சரி என்றால் எந்தப் பாதி? அவளைக் கேட்காத பாதியா, அவள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்த பாதியா? அம்மா அடுப்படியிலிருந்து, "நீ ஊமை மாதிரி உக்காந்துட்டுப் போறதுக்கு ஒரு பேச்சுத்துணை ஆச்சு" என்றாள். இன்று காலையில் அந்த அம்மாவின் மகன் ஜோயலே எழுதினான், சிகாகோவிலிருந்து. முக்காட்டுக்குள் தலையைக் குனிந்து மறுபடி படித்தாள். 'சிஸ்டர், அம்மாவுக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியாது. ஏர்போர்ட்டில் வழி தெரியாது. பெல்ட் போடத் தெரியாது. பிளேனில் தூக்கம் வராது, பேசிக்கிட்டே இருப்பாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க. 41-பி காலியா இருக்கு. இன்று ஐந்து மணிக்குள் சொன்னீங்கன்னா டிக்கெட் போட்டுடுவேன்.' நாற்பத்தொன்று பி. தெரியாது, தெரியாது, தெரியாது, வராது. இப்போது வந்த செய்தி ஒரு வரிதான்: 'சிஸ்டர், முடிவு பண்ணிட்டீங்களா?' மணி நான்கு ஆகப் பத்து நிமிடம்.

அந்த அம்மாவை அவள் நேற்றே முழுதாகக் கற்பனை செய்துவிட்டிருந்தாள். தேங்காயெண்ணெய் தடவிய தலை. மடியில் துணிப்பை, பையில் முறுக்கு. தூங்கமாட்டேன் என்று சொல்கிறவர்கள்தான் முதலில் சாய்வார்கள். சாயும்வரை கேள்வி. நீ எந்த ஊரு, அப்பா என்ன பண்ணுறாரு, கல்யாணம் ஏன் இன்னும் ஆகலை. பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கொடு, பாத்ரூமுக்கு வா, இது என்ன சாப்பாடு, இப்ப எந்த நாட்டு மேல போறோம். இவளோ பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானைக்கூட அழுத்தக் கூச்சப்படுகிறவள். இருபத்துமூன்று மணி நேரமும் கம்மல் திருகு மேல்கையில் குத்திக்கொண்டே இருக்கும், ஒரே புள்ளியில். அதற்குப் பிறகு சிகாகோவில் விடிந்திருக்கும், உடனே வேறு ஆட்கள், வேறு அறைத்தோழிகள், வேறு கூப்பிடல்கள் ஆரம்பித்துவிடும். நடுவில் இருந்த ஒரே வெற்றிடம் அது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல என்ன? ஒரு அம்மா தனியாக வருகிறாள், அவளுக்கு பெல்ட் போட்டுவிட முடியாது என்று சொல்கிற பெண் எப்படிப்பட்டவள்? நல்லவள் இல்லை. நல்லவள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? தெரியாது, போனதில்லை. களைப்பாக இருந்தது. களைப்பு கழுத்தில் இல்லை, தோளில் இல்லை, அதற்கும் உள்ளே எங்கோ. நல்லவளாக இருந்து இருந்து தேய்ந்த இடத்தில். பொய் சொல்லலாம். பொய்க்கு அவ்வளவு கூச்சம் வேண்டாம். மெதுவாக விரலால் எழுதினாள்: 'மன்னிக்கவும் சார், என் சீட் மாறிவிட்டது. அம்மாவுக்கு வேறு நல்ல துணை கிடைக்கட்டும்.' படித்தாள். வேறு நல்ல துணை என்பதில் 'நல்ல' எதற்கு? அழித்தாள். சார் என்பதா, அண்ணா என்பதா? இருபத்துமூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றியது. ஆமாம், இவ்வளவுதான். அனுப்பும் குறிக்கு மேலே கட்டைவிரலை வைத்தாள். விசிறி வந்தது, நாற்காலிக் கையைத் தொட்டது, திரும்பியது. அடுத்த முறை வந்ததும் அனுப்பிவிடுவாள். வந்தது. அடுத்த முறை.

செல்பேசி கையிலேயே அலறியது. தெரியாத எண். தெரியாத எண் என்றால் அவள் எடுப்பதில்லை, ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ பூச்சி தானாகப் பறந்துபோகட்டும் என்று காத்திருப்பதுபோல. ஓய்ந்தது. உடனே மறுபடி. "எடுங்கம்மா, அவசரமா இருக்கும்" என்றார் பாய். முக்காட்டைத் தள்ளிவிட்டு எடுத்தாள். "வணக்கம். அருள்செல்விங்களா? நான் டெய்சி பேசுதேன், பாளையங்கோட்டைல இருந்து. ஜோயலோட அம்மா. இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா, இல்ல பெறகு கூப்பிடட்டுமா?" குரல் அவள் கற்பனை செய்த எண்ணெய்த் தலையிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, அவசரமில்லாமல், துடைத்து வைத்ததுபோல வந்தது. "பேசலாம் ஆன்ட்டி." "அவன் உனக்கு என்னெல்லாம் எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியும். பெல்ட் போடத் தெரியாதுன்னு எழுதியிருப்பானே?" "ம்... ஆமா ஆன்ட்டி." "பாத்ரூம் கதவு தெறக்கத் தெரியாதுன்னு?" "இல்ல, அது எழுதல." "அப்ப மறந்துட்டான்." மெல்லிய சிரிப்பு. "மூணாவது தடவை போறேம்மா. போன தடவை எனக்குத் துணைன்னு ஒரு பையனப் புடிச்சுக் குடுத்தான். அவனுக்கு ஃபார்ம் எழுதிக் குடுத்தது நான், பெட்டி எங்க வரும்னு காட்டுனது நான். பாவம், வாந்தி வேற எடுத்தான்." "அப்ப எதுக்கு ஆன்ட்டி துணை?" என்று அருள்செல்வி கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்கில்ல, அவனுக்கு. நான் தனியா ஏறுனா அங்க அவனுக்குத் தூக்கம் வராது. அவன் தூங்கட்டும்னு நானும் ஒண்ணும் சொல்லதில்ல."

பாய் வேறு யாருக்கோ பெட்டியின் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "தூக்கம் வராதுன்னு எழுதியிருப்பான். அது மட்டும் நெசம்" என்றாள் டெய்சி. "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டரா இருந்தேன். உக்காந்த எடத்துல கண்ணு அசந்தா வேல போச்சு. அப்பல்லாம் விடியக்காலம் ரயிலுக்குப் போறவங்க, பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்க, முந்தின நாளே போன் பண்ணி எழுப்பச் சொல்லுவாங்க. நேரத்தக் குறிச்சு வச்சிக்கிட்டு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு எழுப்பிவிடுவோம். பாதி ஊர எழுப்பியிருக்கேன். அந்தப் பழக்கம், உக்காந்தா எனக்குத் தூக்கம் வராது. நீ ஒண்ணும் நெனச்சிக்கிடாத, பேசியெல்லாம் உயிர வாங்க மாட்டேன், கையில குறுக்கெழுத்துப் புத்தகம் வச்சிருப்பேன். இப்ப எதுக்குக் கூப்பிட்டேன்னா, உனக்குப் பிடிக்கலைன்னா எங்கிட்ட இப்பமே சொல்லிரு. டிக்கெட் கெடைக்கலைன்னு அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். உங்கப்பாவுக்கும் சங்கடம் வராது." அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது பழகிய இடம். ஆனால் மறுமுனையில் யாரும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. வழக்கமாக அவள் சும்மா இருந்தால் மற்றவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். இந்த அம்மா காத்திருந்தாள். லைனில் வெறும் காற்று. முப்பத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருந்தவளின் காத்திருப்பு. "யோசிம்மா, அவசரமில்ல" என்றாள் பிறகு. "ஒருவேளை சேந்து போறதா இருந்தா ஒண்ணு மட்டும் கேட்டு வச்சிக்கிடுதேன். நீ தூங்கும்போது சாப்பாடு கொண்டாந்தா, எழுப்பணுமா, எழுப்ப வேண்டாமா?"

அருள்செல்வி கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பெண் வாயை லேசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுப்பணுமா என்று கேட்டு யாரும் அவளை எழுப்பியதில்லை. கேட்காமலே எழுப்புவார்கள். தண்ணீர் வந்திருச்சு எந்திரி. மாவு அரைக்கணும் எந்திரி. பாப்பா அழுறா பாரு. அத்தை வந்திருக்காங்க, என்ன இன்னும் தூக்கம். அருளு, அப்பாவுக்குச் சொட்டு மருந்து. வராந்தாவில் நர்ஸ் காலால் பாயைத் தள்ளி, யாரு பதினாலாம் கட்டில். தூக்கம் என்றால் அவளுக்கு எப்போதும் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை கையில் வைத்திருக்கும் ஒன்று. நாற்பத்தொன்று ஏ-யில் சாய்ந்து தான் தூங்குவதை நினைத்துப் பார்த்தாள். மூன்று மாதமாக நினைத்துப் பார்த்த அதே காட்சிதான், ஆனால் இதுவரை அதில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இப்போது அங்கே யாரோ குறுக்கெழுத்துக் கட்டத்தில் பென்சிலை வைத்தபடி இருந்தார்கள். தள்ளுவண்டி வருகிறது, பணிப்பெண் குனிகிறாள், அந்தத் துடைத்த குரல் தாழ்ந்து ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறது. வண்டி போய்விடுகிறது. இவள் தூங்குகிறாள். பைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த கேள்வியைத் தேடினாள், எங்கோ போயிருந்தது. துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள். இதற்கெல்லாமா அழுவார்கள், கடையில் வைத்து? "எழுப்ப வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். குரல் தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "டிக்கெட் போடச் சொல்லுங்க. ஆனா எழுப்ப வேண்டாம். எதுக்குமே." "எதுக்கும் எழுப்ப வேண்டாம்" என்று அந்த அம்மா சொல்லைத் திருப்பிச் சொன்னாள். காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "குறிச்சுக்கிட்டேன். வச்சிரட்டுமா?"

திரையில் அனுப்பாத பொய் அப்படியே இருந்தது. பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள், வேகமாக அழிக்கவும் கை வரவில்லை. முக்காட்டுத் தலையணையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். கழுத்தில் வியர்வை, வியர்வையின் மேல் முதல்முறையாக விசிறிக் காற்று. நாற்காலி நகர்ந்திருக்க வேண்டும். "இதையே போட்ருவமா?" பாய் முக்காட்டை மடித்துப் பைக்குள் திணிக்கப் போனார். "இல்ல பாய். அது வேணாம். அந்த ஒத்தக் கன்னத்து ரகம் குடுங்க." பாய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மேஜை ஓரத்திலிருந்து அதை எடுத்தார். மேலிருந்த தூசியைத் துணியால் தட்டினார். அவள் வாங்கித் தடித்த பக்கம் விமானச் சுவர்ப் பக்கமாக வருமாறு இடது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வலது தோள் வெறுமையாக இருந்தது, தன்னுடையதாக. "நல்லா யோசிச்சுக்கங்கம்மா, வாங்கிட்டுப் போய்ட்டு அப்புறம் திருப்பிக்கிட்டு வராதீங்க. ஒரு பக்கம் தெறந்துல்ல கெடக்கு?" என்றார்.

"பரவால்ல பாய்" என்றாள் அருள்செல்வி. "அந்தப் பக்கம் ஆள் இருக்கு."